உண்டிகையில் விழுந்த மோதிரமும் பலகையாள் எயினன் கைகளும்

கடல் தன் கரையை மதித்து நிற்க, மழை தன் மாதம் தவறாது பெய்ய, உப்பளமும் முத்துச்சலாபமும் குறைவின்றி விளைய, அருவிநாடு முழுதும் ஒரு குடைக்கீழ்க் காக்கும் பேரரசர் ஆழியரையர் திருவாணையால் முறைகேள்வி நாயகமாய் அமர்ந்த குமிழி நக்கன், சுறாத்துறைக்கும் அதன் சுங்கச்சாலைக்கும் ஆடுகழகத்துக்கும் உடையவரும், கலம் செலுத்துவோர்க்கு விளக்கும், புலவர்க்கு நிழலுமாகிய சேந்தன் பெருந்துறையார் திருமுன்பு விடுத்த ஓலை.

பெருந்துறையார் நலமே? பெருந்தேவியார் நலமே? இளங்கோவுக்குப் பல் முளைக்கும் காய்ச்சல் தணிந்ததே? தங்கள் வலக்கை விரல்கள் யாவும் நலமே? விரல்களைத் தனியே நலம் கேட்பது ஓலை மரபில் இல்லை என்பதை நாயகம் அறிவார். கேட்ட காரணம் போகப் போக விளங்கும்.

நாயகம் தங்கள் துறைக்கு வந்து சேர்ந்தது ஆனிக் கடைசியில். இவ்வாண்டில் மலைநாட்டில் ஒரு யானைக்கு இருவர் உரிமை கொண்டாடிய வழக்கைத் தீர்த்து, அது தீர்ந்ததும் யானை செத்து, வட எல்லையில் இரண்டு கோயிலார் ஒரே தேரை இழுத்துக்கொண்டு நின்ற வழக்கைத் தீர்த்து, முதுகை ஒருமுறை நேராக்குவதற்குள் சுறாத்துறைக்குப் போ என்று ஆணை வந்தது. முழங்கால் போகமாட்டேன் என்றது. ஆணை பெரிதா முழங்கால் பெரிதா என்றால் என்ன செய்வது, வந்தார். இங்கே சோற்றிலும் உப்பு, காற்றிலும் உப்பு, படுக்கும் பாயிலும் உப்பு. தங்கக் கொடுத்த இடம் ஆடுகழகம் என்னும் சூதாட்டச் சாலைக்கு எதிரே உள்ள மாடி. அதன் சாளரம் தெருவைப் பார்த்தது. நாயகம் வேண்டுமென்றே எட்டிப் பார்த்தவர் அல்லர். சாளரம் அங்கே இருந்தது, கண்ணும் அங்கே இருந்தது. கீழே மோர் விற்கும் மூதாட்டி வேறு, கேட்காத செய்தியையும் மோரோடு ஊற்றிவிட்டே போவாள்.

வந்த காரியம் இது. கழகத்துப் பலகையாள் காரி எயினன் என்பான் உடையவரின் முத்திரை மோதிரத்தை வைகாசி மாதத்தில் களவாடினான் என்றும், அவனுடைய இரு உள்ளங்கையிலும் கள்வன் குறி சுடத் தீர்ப்பாயிற்று என்றும், ஆடிப் பௌர்ணமியில் அது நடக்கவேண்டும் என்றும் தாங்கள் தலைநகருக்கு ஓலை எழுதியிருந்தீர்கள். உடம்பில் குறி சுடும் தண்டம் எதுவானாலும் முறைகேள்வி நாயகம் நேரில் கேட்டுச் சரி என்று சொன்ன பிறகே நடக்கவேண்டும் என்பது பேரரசர் விதி. அவ்விதியை எழுதினவர் யாரோ, நடப்பவர் குமிழி நக்கன்.

தம் கழகத்துள் ஒருநாளும் காலடி வைத்ததில்லை என்று உடையவராகிய தாங்கள் அதே ஓலையில் எழுதியிருந்தீர்கள். ஆகவே அங்கே காசு எப்படி வாங்கப்படுகிறது, எப்படிக் கணக்காகிறது என்பதைத் தாங்கள் அறிய வழியில்லை. அதை விளக்கமாகச் சொல்லவேண்டியது நாயகத்தின் கடமை ஆகிறது; பொறுத்துக் கேட்கவேண்டியது தங்கள் கடமை.

பலகையாள் எவனும் மடி வைத்து வேட்டி கட்டக்கூடாது. கட்டினால் அதில் காசு ஒதுங்கும். முழங்கை வரை துணி இல்லை, விரலில் மோதிரம் இல்லை, இடுப்பில் வெற்றிலைப்பை இல்லை. ஆட வருபவர் காசை நீட்டினால் கையால் வாங்கக்கூடாது. பலகையில் வையுங்கள் என்று சொல்லவேண்டும். கையிலிருந்து கைக்குப் போகும் காசை மூன்றாம் ஆள் பார்க்கமுடியாது என்பதால் இந்த விதி. பலகையில் வைத்ததை ஐந்து ஐந்தாக வரிசை பிரித்துப் பரப்பவேண்டும். பிறகு தெருவுக்குக் கேட்கும் குரலில், இன்ன காசு இத்தனை என்று கூவவேண்டும். உயரமான மணையில் அமர்ந்திருக்கும் கண்காணி எட்டிப் பார்த்து, “கண்டேன்” என்று சொல்லவேண்டும். அவர் சொன்ன பிறகுதான் ஆடுபவருக்குச் சங்கு வில்லைகள் போகும். காசைத் தள்ளுகட்டையால் பலகையின் நடுவே உள்ள கீறலில் தள்ளுவார்கள். அடியில் உள்ள செம்புக் குடத்தில் அது விழும். அந்தக் குடத்துக்கு உண்டிகை என்று பெயர். விழுந்தது விழுந்ததுதான். உண்டிகையை அமாவாசைதோறும் உடையவரின் முத்திரை இட்ட ஓலையைக் கண்ட பிறகே திறக்கவேண்டும். அதில் பாதி பேரரசருக்கு, கால் உடையவருக்கு, கால் கழகத்தார் கூலிக்கு. நடுவில் உடைத்தவனுக்குப் பேரரசர் பங்கில் கைவைத்த குற்றம். பலகையாள் இடத்தைவிட்டு எழும்போது கையை ஒருமுறை தட்டி, இரு உள்ளங்கையையும் விரித்துக் கண்காணிக்குக் காட்டிவிட்டே எழவேண்டும்.

எயினன் இதைச் செய்யத் தொடங்கியபோது அவனுக்கு மீசை அரும்பவில்லை. இப்போது காதோரம் நரை. இத்தனை காலத்தில் இந்தப் பழக்கம் கழகத்து வாசலோடு நிற்காமல் அவன் கூடவே வீட்டுக்கும் போய்விட்டது. மோர் வாங்கினால் காசை அந்த மூதாட்டியின் கூடைமேல் பரப்பி உரக்கக் கூவுகிறானாம். அவள் தலையில் அடித்துக்கொள்கிறாள். கோயிலில் திருநீறு கொடுத்தால் கையை நீட்டமாட்டானாம். படியில் வையுங்கள் என்பானாம். பெண்டாட்டியின் சிற்றப்பன் இறந்த வீட்டில் பிணத்தருகே வெகுநேரம் உட்கார்ந்திருந்துவிட்டு, எழும்போது கையை ஒரு தட்டுத் தட்டி, உள்ளங்கை இரண்டையும் விரித்து, கூடியிருந்த உறவுக்கெல்லாம் காட்டிவிட்டு எழுந்தானாம். நான் எதையும் எடுக்கவில்லை என்று பிணத்தைச் சாட்சி வைத்துச் சொல்கிறானா என்று கேட்டு, அந்த வீட்டார் அந்தப் பொங்கல்வரை இவன் வீட்டில் தண்ணீர் குடிக்கவில்லை. இவற்றை நாயகம் விசாரித்து அறியவில்லை. தாமாகக் காதில் விழுந்தன.

எயினன் மனைவி பெயர் சாத்தி. வந்த மறுநாளே மாடிப்படியில் வந்து நின்றாள். பேசினவர் பேசினபடியே எழுதிக்கொள்ளும்படி நாயகம் ஓலைக்காரருக்குச் சொல்லியிருந்தார். செம்மையாக மாற்றி எழுதினால் சாட்சி கெட்டுப்போகும். ஆகவே அரசவைக்கு ஒவ்வாத சொல் இவ்வோலையில் வந்தால் அது பேசினவர் சொல்.

“ஐயா, நீங்கதான் சுடச் சொல்ல வந்தவரா?”

கேட்க வந்தவர் என்று சொல்லப்பட்டது.

“அப்போ கேளுங்க. அவரு திருடுற ஆளா இருந்தா என் கழுத்துல இந்நேரம் ஒரு குண்டுமணித் தங்கமாவது இருக்கணும். பாருங்க, இருக்கா? அந்த ஆளுக்குத் திருடவே தெரியாதுய்யா. சந்தையில நான் ரெண்டு கத்தரிக்காய் கூட எடுத்துப் போட்டுக்கிட்டா, ‘கத்தரிக்காய் ரெண்டு அதிகம்’னு ஊர் கேக்கக் கூவுறாரு. இவரோட குடும்பம் நடத்துறதே ஒரு தண்டனை. இதுக்கு மேல சுடவும் வேணுமா?”

மோதிரம் எங்கே என்று கேட்கப்பட்டது.

“அதான் எல்லாருக்கும் தெரியுமே. அது கிடக்குற இடத்துல பத்திரமா கிடக்கு. அவரு வாயால கேளுங்க.”

தங்கள் சிறை தாழ்வான இடம்; நாயகம் குனிந்து போய் நிமிரமுடியாமல் அங்கேயே உட்கார்ந்துவிட்டார். எயினன் சுவரோரம் இருந்தான். அவன் கைகள் மடியில் மல்லாந்து கிடந்தன, யாரோ மறந்து வைத்துவிட்டுப் போனவை போல. அவன் பேச்சில் அழுகை இல்லை, கோபமும் இல்லை. நடந்ததை ஒவ்வொன்றாக எடுத்து, காசைப் பரப்புவதுபோல் பரப்பினான்.

வைகாசி வெயிலில், உண்ட மயக்கத்தில் ஊர் படுத்துவிட்ட வேளை. கழகத்தில் ஒரே ஒரு பலகையில் ஆட்டம். ஆடியவர் ஒரு மிளகு வணிகர். இந்த மிளகு வணிகரை இத்தெருவில் அறியாதவர் இல்லை. அவர் யார் என்று அறிந்ததாகக் காட்டிக்கொள்பவரும் இல்லை. பிசின் வைத்து ஒட்டிய மீசை வெயிலில் இளகி மெல்ல மெல்ல உதட்டுக்கு இறங்கும். எதிரில் இருப்பவர்கள் கூரையைப் பார்த்துக்கொள்வார்கள். மிளகு என்ன விலை என்று யாரும் அவரைக் கேட்பதில்லை, அவருக்குச் சங்கடம் ஆகும் என்று. சுறாத்துறையாரின் மரியாதை அத்தகையது.

அன்று வணிகர் தோற்றுக்கொண்டே இருந்தார். தோற்கத் தோற்க வைத்தார். பை காலியானது. எழுந்து போயிருக்கலாம். அவரோ எரிச்சலோடு கைவிரலில் இருந்ததைக் கழற்றிப் பலகையில் வைத்தார்.

“இந்தா, இதை வெச்சுக்கிட்டு ஐம்பது வில்லை எடு. காலையில ஆள் அனுப்பி மீட்டுக்கிறேன்.”

கழகத்தில் அடகு கிடையாது. பலகையில் காசுதான் வைக்கலாம். வேறு எதை வைத்தாலும் பலகையாள் அதைத் திரும்பத் தள்ளி, ஆகாது என்று சொல்லவேண்டும். எயினனுக்கு அது தெரியாதா? நன்றாகத் தெரியும். ஆனால் அவன் சொன்னதை அப்படியே எழுதுகிறோம்:

“பலகையில ஒண்ணு வந்து விழுந்துச்சுங்க. விழுந்ததும் கை அதைப் பரப்பிடுச்சு. பரப்பினதும் வாய் கூவிடுச்சு, ‘மோதிரம் ஒன்று’ன்னு. கண்காணி தத்தன் கொட்டாவி விட்டுக்கிட்டு இருந்தாரு. கூவல் கேட்டா அவருக்கும் வாய் தானா வரும். ‘கண்டேன்’னாரு. கண்டேன்னு கேட்டா என் கைக்கு வேற என்னங்க தெரியும்? தள்ளிடுச்சு. உள்ள விழுந்த சத்தம் காசுச் சத்தமா இல்லைங்க. அப்பத்தான் மூணு பேருக்கும் விழிப்பே வந்துச்சு.”

பிறகு நடந்த பேச்சையும் அவன் சொன்னான்.

“அடேய், அடேய்! எடுடா அதை!”

“எடுக்க முடியாதுங்க, வணிகரே.”

“ஏன்டா முடியாது?”

“உண்டிகையைத் திறக்க உடையவரு முத்திரை வேணுங்க.”

“முத்திரைதானே, அதுக்கென்ன, நான் சொல்லி…” என்று தொடங்கிய வணிகர் பாதியில் நிறுத்திக்கொண்டார். எயினன் கீறலைப் பார்த்தான். மணைமேல் தத்தனும் கீறலைப் பார்த்தான். வணிகரும் வெகுநேரம் கீறலையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, மீசையை ஒருகையால் பிடித்தபடி எழுந்து போனார்.

உண்டிகையைத் திறக்கும் முத்திரை உண்டிகைக்குள்ளேயே விழுந்துவிட்ட செய்தி இதுதான். அந்த அமாவாசையில் அது திறக்கவில்லை. அடுத்த அமாவாசையிலும் திறக்கவில்லை. கழகத்தார் எவருக்கும் கூலி இல்லை. உள்ளே பேரரசர் பங்கு கிடப்பதால் உடைக்கவும் எவருக்கும் துணிவில்லை. ஊரே கடனில் மோர் வாங்குகிறது. அதைப் பற்றி மூதாட்டி நாள்தோறும் நாயகத்திடம் முறையிடுகிறாள், நாயகம்தான் கொடுக்கவேண்டும் என்பது போல.

மிளகு வணிகர் தம் மனைக்குப் போனபோது என்ன நடந்தது என்பதை எயினன் அறியான். நாயகமும் அரண்மனைச் சமையற்கட்டுப் பக்கம் காது கொடுப்பவர் அல்லர். ஆயினும் சொல்கிறார்கள்: உணவு பரிமாறும்போது அவருடைய மனையாட்டி வெறும் விரலைப் பார்த்தாளாம். மோதிரம் எங்கே என்றாளாம். அவர் கவளத்தை விழுங்கிவிட்டு, களவு போய்விட்டது என்றாராம். எவன் எடுத்தான் என்றாளாம். அந்த நேரத்தில் நாக்கில் எந்தப் பெயர் இருக்கும்? அன்று பகல் முழுதும் எதிரில் அமர்ந்திருந்தவன் பெயர்தானே இருக்கும். எயினன் என்றாராம். சொன்ன சொல்லைத் திரும்ப எடுக்க முடியாமல், அதற்கு மேல் காவலர், சிறை, விசாரணை, தீர்ப்பு என்று ஒன்றன்மேல் ஒன்று ஏறிவிட்டது. ஒரு கேள்விக்குத் தப்பப் போட்ட பொய் ஒருவன் கையைச் சுடும் இரும்புவரை வந்து நிற்பதை நாயகம் இதற்கு முன்பும் கண்டதுண்டு. கண்டு கண்டு சலித்தாயிற்று. கெட்டவர்கள் செய்த கேடு கொஞ்சம், கூச்சப்பட்டவர்கள் செய்த கேடுதான் இந்த வேலையில் மிகுதி.

இது ஒரு மிளகு வணிகர் வீட்டுக் கதை. தங்களுக்குச் சொல்லக் காரணம், எயினன் என்ற பெயர் இரண்டு கதையிலும் வருவதுதான்.

சிறையை விட்டு எழும்போது, குறி சுட்டால் என்ன செய்வாய் என்று நாயகம் அவனைக் கேட்டிருக்கக்கூடாது, கேட்டுவிட்டார். அவன் தன் கைகளைப் பார்த்துக்கொண்டு சொன்னான்: “வலி ஆறிடுங்க. ஆனா பலகையை விட்டு எந்திரிக்கிறப்போ கையை விரிச்சுக் காட்டணுமே. என்னத்தைக் காட்டுவேன்? என் பலகையில எவன் உட்காருவான்? எனக்கு வேற வேலை தெரியாதுங்க. சும்மா இருக்கவும் தெரியாது.”

கண்காணி தத்தனை விசாரித்தோம். நல்ல உடம்பு, நல்ல குரல். தான் எதையும் காணவில்லை, அன்று மணைமேல் இருந்ததே நினைவில்லை என்றான். அன்று வேறு யார் இருந்தார் என்றால் அதுவும் நினைவில்லை. வெயில் என்றான். உடம்பு சரியில்லை என்றான். அவனைத் திரும்பவும் அழைத்துக் கேட்டபோதும் வெயில் என்றே சொன்னான். பொய் சொல்பவன் வழக்கமாக நாயகத்தின் நெற்றியைப் பார்ப்பான். இவன் நாயகத்தின் செருப்பைப் பார்த்தான். அச்சம் என்று புரிந்தது. எவர்மேல் அச்சம் என்று கேட்க வேண்டியிருக்கவில்லை.

இனி, நாயகத்தின் கண் மங்கிவிட்டது என்பதை முன்னமே சொல்லிவிடுவது நலம். தங்கள் தீர்ப்போலையை அவர் சாளரத்து வெளிச்சத்தில் பிடித்துப் படித்தார். மோதிரம் வைகாசியில் களவுபோனது, இன்னும் அகப்படவில்லை என்கிறது ஓலை. அந்த ஓலையின் அடியிலோ, ஆனி மாதத்தில் குத்திய அதே மோதிரத்தின் முத்திரை, பளிச்சென்று, வாலை வளைத்த சுறாவோடு. நாயகம் ஓலையைத் திருப்பினார். வைத்துவிட்டு மோர் குடித்தார். மறுபடியும் எடுத்துப் பார்த்தார். களவுபோன மோதிரம் ஓலையில் எப்படிக் குத்தும்? மோதிரம் உடையவர் கையில் இருந்தால் களவு இல்லை, எயினன் வீட்டுக்குப் போகலாம். மோதிரம் கையில் இல்லையென்றால் குத்தியது வேறொரு மோதிரம். பொய் முத்திரை செய்தார்க்கும் செய்வித்தார்க்கும் பேரரசர் வைத்திருக்கும் தண்டம் உள்ளங்கையோடு நிற்பதில்லை. தட்டார் தெருவில் ஒருவன் திடீரென்று புது ஓடு வேய்ந்திருக்கிறான் என்றும், ஆள் ஊரில் இல்லை என்றும் கேள்வி. இவையெல்லாம் கண் நன்றாகத் தெரிபவர் கவலைப்பட வேண்டியவை. குமிழி நக்கனுக்கோ, முன்பே சொன்னபடி, கண் மங்கல். எந்தச் சமயத்தில் தெளியும் என்று சொல்வதற்கில்லை.

உண்டிகையில் பேரரசர் பங்கு பாதி கிடப்பதால் பேரரசர் முத்திரையும் அதைத் திறக்கச் செல்லும். இந்த எளிய விஷயம் இங்கே ஒருவருக்கும் தோன்றாமல் போனது வியப்பு. தோன்றியவர் சொல்லாமல் இருந்தது வியப்பில்லை; திறந்தால் உள்ளே கிடப்பது வெளியே வந்துவிடும். நேற்றுக் காலையில், வாசற்கதவு இரண்டும் விரியத் திறந்திருக்க, கழகத்தார் அனைவரும் நிற்க, தெருவில் ஊரார் நிற்க, நாயகம் பேரரசரின் ஆழிமுத்திரை இட்ட ஓலையை வாசித்து உண்டிகையைத் திறக்கச் செய்தார். பெண்கள் வரும் இடமல்ல என்று வாசற்காவலன் தடுத்தான்; சாத்தி அவனை ஒரு பார்வை பார்த்தாள், அவன் வேறு பக்கம் திரும்பிக்கொண்டான்.

குடத்தைக் கவிழ்த்ததும் காசு மலைபோல் குவிந்தது. கழகத்து முறை இதிலும் மாறாது; பலகையாள் ஒருவன் ஐந்து ஐந்தாகப் பரப்பிக் கூவவேண்டும், கண்காணி கண்டு சொல்லவேண்டும். வேறு பலகையாள் கூவினான். மணைமேல் தத்தன். பொன், வெள்ளி, செம்பு, கலத்தில் வந்த அயல்நாட்டுக் காசு, ஓட்டைக் காசு, எவனோ இருட்டில் தள்ளிய பித்தளைப் பொத்தான்கூட ஒன்று. கூவல், கண்டேன், கூவல், கண்டேன். நாயகம் நடுவில் சற்றுக் கண்ணயர்ந்ததாக ஊரார் சொல்லக்கூடும். நம்பவேண்டாம், இமைதான் மூடியிருந்தது.

திடீரென்று கூவல் நின்றது. கூவினவன் நாயகத்தைப் பார்த்தான், தெருவைப் பார்த்தான், பிறகு குரல் இறங்கிச் சொன்னான்: “மோதிரம் ஒன்று.”

பலகையில், ஒரு வரிசைக்கு ஐந்தாவதாக, வாலை வளைத்த சுறா.

மணைமேலிருந்து பதில் வரவில்லை. கண்டேன் என்று சொன்னால், உடையவரின் தீர்ப்பு பொய். சொல்லாவிட்டால் முறைப்படி அது கணக்கில் ஏறாது. ஏறாத பொருள் இருந்ததாகாது. கழகத்தார் தலைகள் எல்லாம் கவிழ்ந்திருந்தன. ஈ பறக்கும் ஒலி கேட்டது என்று எழுத ஆசைதான். கேட்டது சாத்தியின் குரல்.

“என்னண்ணே, வாயில வெத்தலையா? செல்லாக் காசுக்கெல்லாம் கண்டேன் கண்டேன்னு கத்தினீங்களே, இதுக்கு மட்டும் கண்ணு அவிஞ்சு போச்சா?”

“தங்கச்சி, எனக்கு மூணு பொண்ணு இருக்கு,” என்றான் தத்தன். அது ஊருக்கெல்லாம் கேட்டது. அவனுக்கு மெல்லப் பேச வராது, தொழில் அப்படி.

“எனக்கு இருக்குறது ஒரே புருஷன்ணே.”

அவன் மணையிலிருந்து இறங்கினான். இறங்கக்கூடாது, இறங்கினான். பலகைக்கு வந்து குனிந்து மோதிரத்தைக் கிட்டத்தில் பார்த்தான். அவன் கண்ணீர் பலகையில் சொட்டியது.

“கண்டேன்,” என்றான். பிறகு, எவரும் கேட்காதபோதே, தெருமுனைவரை கேட்கும்படி: “அன்னைக்கும் கண்டேன். மிளகு வணிகரு கழட்டி வெச்சதையும் கண்டேன்.”

மிளகு வணிகர் என்ற பெயர் கேட்டதும் தெருவில் நின்றவர் எல்லாரும் கூரையைப் பார்த்தார்கள். அந்த மரியாதையை நாயகம் இங்கே பதிந்து வைக்கிறார். வேறெந்த உடையவருக்கும் இப்படி ஒரு குடி வாய்க்காது.

சாத்தி அங்கே நிற்கவில்லை. சிறை வாசலுக்கு ஓடினாள். தங்கள் காவலர்கள் உடையவரின் ஓலை வேண்டும் என்று அவளைத் திருப்பி அனுப்பினார்கள். அவர்கள் மேல் குற்றம் இல்லை. இரும்பு வாங்கியாயிற்று, கரி வாங்கியாயிற்று, பௌர்ணமி நாளை மறுநாள். அவள் இப்போது சிறை வாசலில் உட்கார்ந்திருக்கிறாள். உள்ளே இருப்பவனுக்குக் கேட்கவேண்டும் என்று மோதிரம் கிடைத்துவிட்டது, கிடைத்துவிட்டது என்று சொல்லிக்கொண்டே இருக்கிறாளாம். சுவர் தடிப்பு, அவனுக்குக் கேட்டதா என்பது தெரியவில்லை.

இனி ஆணையைக் கேட்பீராக.

மோதிரம் களவுபோகவில்லை, பலகையில் வைக்கப்பட்டு, கூவப்பட்டு, காணப்பட்டு, தள்ளப்பட்டது. ஆகவே எயினன் கள்வன் அல்லன். காசல்லாத ஒன்றை உண்டிகையில் தள்ளிய பிழை அவன்மேல் உண்டு. அதை அவனே முதலில் சொன்னான். கழகத்து விதிப்படி அதற்கு ஒரு மாதக் கூலி பிடித்தம். கூலியே கொடுபடாதிருப்பதால், முதலில் கொடுத்துவிட்டுப் பிறகு பிடித்துக்கொள்க. தத்தன் வாய் திறக்காதிருந்த பிழைக்கு அவனை மணையிலிருந்து இறக்கவேண்டாம். ஊர் நடுவே அழுததே அவனுக்குப் போதும், அவன் மூன்று பெண்களுக்கும் தீங்கு நேராமல் பார்த்துக்கொள்வது உடையவர் பொறுப்பு. தீர்ப்போலையில் குத்திய முத்திரை எதனால் குத்தப்பட்டதோ அதை உருக்கி, உருக்கிய பொன்னை உண்டிகையில் சேர்க்க. அது உருகின செய்தி வந்துவிட்டால், நாயகத்தின் கண் இனி இந்தப் பிறவியில் தெளியாது.

மெய்யான மோதிரம் நேற்றுமுதல் அதே பலகையில், அது வந்த வரிசையிலேயே கிடக்கிறது. பேரரசர் காவலர் இருவர் நிற்கிறார்கள். ஊரார் குழந்தை குட்டியோடு வந்து பார்த்துப் போகிறார்கள். ஒருவரும் இது யாருடையது என்று கேட்கவில்லை. காசல்லாதது என்பதால் அது வைத்தவருக்கே திரும்பவேண்டும்; திருப்பித் தள்ளவேண்டியவன் அதை வாங்கிய பலகையாள். எனவே எயினன் வந்து அமர்ந்தாலன்றி அது பலகையை விட்டு அசையாது. மிளகு வணிகர் வந்தால் தரப்படமாட்டாது. உடையவர் தம் முகத்தோடு வந்து பெற்றுக்கொள்க.

பெருந்தேவியார் வெள்ளிதோறும் அம்மன் கோயிலுக்குப் பல்லக்கில் போகும் வழி கழகத்து வாசல் என்று மோர் விற்பவள் சொல்கிறாள். கதவு விரியத் திறந்திருப்பதைக் கண்டால் பல்லக்கை நிறுத்தச் சொல்லும் இயல்பினர் என்றும் சொல்கிறாள். இன்று வியாழன். நாயகம் கதவைச் சாத்தச் சொல்லியிருக்கலாம்தான். முழங்கால் வலியில் மறந்துபோனார்.

தங்கள் குடியும் கொடியும் தழைக்க. தங்கள் கலங்கள் கரை சேர்க. இவ்வோலை கண்ட கணமே பலகையாள் காரி எயினனைச் சிறைவிட்டு, அவன் இரு கைகளும் உள்ளே போனபடியே வெளியே வரும்படி அனுப்புக. இது பேரரசர் ஆழியரையர் ஆணை. எழுதுவித்தவன் குமிழி நக்கன். இதன் அடியில் இட்டிருப்பது மெய்யான முத்திரை.